மறு: ‘அமில் கேட்’ என்பதற்கு ‘மிதவைக் கலிங்கு’

அனைவருக்கும் வணக்கம்.

> ‘தானியங்கி நீரொழுங்கி’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

‘அமில் கேட்’ என்பது கால்வாயின் நீர்மட்டத்தைக் காக்கும் ஒருவகைக் கதவு. அதற்குத் தமிழ்ச்சொல்லாக மேலே சொன்னதை ஏற்கத் தயங்குகிறேன். தானியங்கி என்றதும் மோட்டாரும் உணர்கருவியும்தான் மனதில் வரும். ஃபுளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் கால்வாய்களில் நிற்கும் இந்தக் கதவுகளுக்கு மின்சாரமே வேண்டாம். வளைந்த இரும்புக் கதவோடு மேல்பக்கத்தில் (தண்ணீர் வரும் பக்கம்) ஒரு மிதவை, சமன்செய்ய எடைகள், அவ்வளவுதான். தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பிக் கதவைத் தூக்கும்; இறங்கினால் கதவு தாழும். கதவு எவ்வளவு திறந்திருந்தாலும் மேல்பக்க மட்டம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும்படி எடைகளைப் பொருத்தியிருப்பதில்தான் நுட்பம் இருக்கிறது. புயலில் கரண்ட் போனாலும் கதவு தன் வேலையைப் பார்க்கும்.

அந்த இடத்தின் தேவையைப் பார்த்தால் சொல்லும் கிடைத்துவிடும். அது சதுப்பு நிலம். 1967இல் ரீடி கிரீக் மாவட்டம் என்ற தனி அமைப்பை உருவாக்கி, பனாமா கால்வாய்ப் பகுதியின் ஆளுநராக இருந்த ஜோ பாட்டரின் பொறுப்பில் கால்வாய்களை வெட்டினார்கள். வெட்டி வடிய விட்டிருந்தால் மழைக்காலத்தைச் சமாளித்திருக்கலாம். வறண்ட மாதங்களில் சைப்ரஸ் காடு காய்ந்திருக்கும். அதனால் முதலில் கதவுக்குப் பின்னால் இருக்கும் நீர்மட்டத்தைக் காக்க வேண்டும், மிஞ்சியதைத்தான் வெளியே விட வேண்டும். நம் ஏரியில் இந்த வேலையைச் செய்வது கலிங்கு, அதாவது ஏரி நிரம்பியதும் மிகைநீர் வழிந்தோடும் அமைப்பு. எனவே ‘மிதவைக் கலிங்கு’.

கலிங்கு அசையாத கட்டுமானம், இது அசையும் கதவு என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் பழைய கலிங்குகளில் வரிசையாகக் கல் நட்டு, இடையில் பலகையோ மண்ணோ அடைத்து மட்டத்தை ஏற்றுவார்கள், வெள்ளம் வந்தால் எடுத்துவிடுவார்கள். மட்டத்தை நிர்ணயிப்பது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலேயப் பொறியாளர்களும் கலிங்குலா என்று இதையே எடுத்துக்கொண்டார்கள்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. இதே குடும்பத்தில் ‘அவிஸ்’ என்றொரு கதவு இருக்கிறது. அது கீழ்பக்க (தண்ணீர் போகும் பக்கம்) மட்டத்தைப் பார்த்து, அங்கே குறைந்தால் திறக்கும். வயலின் தேவைக்குத் தண்ணீர் விடுவது மதகு. ஆகவே அது ‘மிதவை மதகு’. மேல்பக்கம், கீழ்பக்கம் என்று நீட்டாமல் இரண்டும் பிரிந்துவிடும். ‘அமில்’ என்று அப்படியே எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை, படிப்பவர்கள் அமிலம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம், அதே டிஸ்னி வளாகத்தில் பே லேக் ஏரியையும் தோண்டி உருவாக்கிய செவன் சீஸ் லகூனையும் இணைக்கும் நீர்வழி பற்றி. கீழே சாலையில் கார் போகிறது, மேலே படகு போகிறது. இதற்குப் புதுச்சொல் தேவையில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூரில் தண்ணீரைத் தொட்டி போல ஏந்திச் செல்லும் பாலத்தைச் சொல்வது போல ‘தொட்டிப்பாலம்’ போதும். படகு போவதைக் காட்ட வேண்டுமானால் ‘படகுத் தொட்டிப்பாலம்’ என்போம்.

டெல்டா பக்கத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி: ஏரியில் இல்லாமல் வாய்க்கால் கரையில் மிகைநீரை வெளியேற்றும் அமைப்பையும் உங்கள் ஊரில் கலிங்கு என்றே சொல்கிறார்களா, வேறு பெயர் உண்டா? பதில் வந்ததும் ‘மிதவைக் கலிங்கு’, ‘மிதவை மதகு’ இரண்டையும் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.