தேர்தலுக்கு முன் அமெரிக்கத் துணை அதிபரை மாற்றும் பேச்சு: நடைமுறையில் அது எந்த அளவுக்குச் சாத்தியம்?

பொருநை வாசகர் (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் பதவியில் இருக்கும் அதிபர் மறுதேர்தலுக்கு நிற்கும்போதெல்லாம், அவர் தம் துணை அதிபரை விலக்கிவிட்டு வேறொருவரை உடன் நிறுத்தப்போகிறார் என்ற பேச்சு கிளம்புகிறது. 1992-இல் டேன் குவேல், 2004-இல் டிக் செனி, 2012-க்கு முன் ஜோ பைடன், 2020-க்கு முன் மைக் பென்ஸ், 2023-இல் கமலா ஹாரிஸ் என்று பல பெயர்கள் அடிபட்டன. ஆனால் இவர்களில் ஒருவர்கூட மாற்றப்படவில்லை. ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீகம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் என்பதால், அவரைப் பற்றிய ஊகங்களை மட்டும் நான் சற்றுக் கூடுதல் அக்கறையோடு படித்து வந்தேன்.

துணை அதிபரை மாற்றும் அதிகாரம் உண்மையில் யாரிடம் இருக்கிறது? கடைசியாக அப்படி நடந்தது எப்போது, அதனால் அதிபருக்கு நன்மை விளைந்ததா? ஒருபோதும் பலிக்காத இந்தப் பேச்சு ஏன் மீண்டும் மீண்டும் எழுகிறது? வரலாறு அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செம்மண் நிலத்தான்

ஐயா, முதலில் சட்ட நிலை. அதிபர் தம் அமைச்சர்களை எந்த நேரத்திலும் நீக்கலாம். துணை அதிபரை நீக்க முடியாது, ஏனெனில் அவரும் தேர்தலில் வென்று வந்தவர். ஆகவே மாற்றம் என்பது அடுத்த தேர்தலுக்கான வேட்பாளர் இணையில் அவர் பெயரை விட்டுவிடுவது மட்டுமே. அந்த வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள் கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகள். ஆனால் 1940-இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ஹென்றி வாலஸை ஏற்காவிட்டால் தாமும் நிற்கப்போவதில்லை என்று பிடிவாதம் பிடித்து வென்றதிலிருந்து, அதிபர் வேட்பாளரின் விருப்பமே மாநாட்டின் முடிவு என்ற வழக்கம் ஏறத்தாழ உறுதிப்பட்டுவிட்டது.

அதே வாலஸ் நான்கே ஆண்டுகளில் விலக்கப்பட்டார் என்பதுதான் இந்தப் பொருளில் நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம். 1944 மார்ச்சில் பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் ரூஸ்வெல்ட்டைப் பரிசோதித்த இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயன், கடுமையான இரத்த அழுத்தமும் இதயச் செயலிழப்பும் இருப்பதைக் கண்டறிந்தார். அந்த விவரம் மக்களுக்குச் சொல்லப்படவில்லை என்றாலும், அதிபரை அருகிலிருந்து பார்த்த ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் அவர் நான்காவது பதவிக்காலத்தை முடிக்க மாட்டார் என்று உணர்ந்திருந்தார்கள். தாங்கள் தேர்ந்தெடுக்கப்போவது துணை அதிபரை அல்ல, அடுத்த அதிபரை என்று தெரிந்துகொண்டுதான் கட்சியின் தேசியத் தலைவர் ராபர்ட் ஹன்னெகன், நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதிக் கட்சித் தலைவர் எட்வர்ட் ஃபிளின், சிகாகோ மேயர் எட்வர்ட் கெல்லி முதலியோர் காரியத்தில் இறங்கினார்கள். தொழிற்சங்கங்களின் அன்பைப் பெற்றவரும், இனப் பாகுபாட்டை வெளிப்படையாக எதிர்த்தவருமான வாலஸ் அதிபராவதை அவர்களும் தென்மாநிலத் தலைவர்களும் விரும்பவில்லை. அந்தக் கோடையில் வாலஸ் சைபீரியாவுக்கும் சீனாவுக்கும் அனுப்பப்பட்டிருந்ததால், அவர் இல்லாத வாஷிங்டனில் பேச்சுகள் தடையின்றி நடந்தன. ஜூலை 11 அன்று வெள்ளை மாளிகையில் நடந்த சந்திப்பில் மிசூரி செனட்டர் ஹாரி ட்ரூமனின் பெயர் ஏறத்தாழ முடிவானது.

ரூஸ்வெல்ட் நடந்துகொண்ட விதத்தை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. தாம் ஒரு பிரதிநிதியாக இருந்தால் வாலஸுக்கே வாக்களிப்பேன் என்று மாநாட்டுத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ட்ரூமனோ நீதிபதி வில்லியம் டக்ளஸோ வந்தால் மகிழ்ச்சி என்று ஹன்னெகனிடம் இன்னொரு கடிதம் கொடுத்தார். ஜூலை 20 இரவு மாநாடு நடந்த சிகாகோ அரங்கம் வாலஸின் பெயரை முழங்கிக்கொண்டிருக்க, அவர் பெயரை அப்போதே முன்மொழிய புளோரிடா செனட்டர் கிளாட் பெப்பர் மேடையை நோக்கி முண்டியடித்து வந்த வேளையில், கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் முதல் சுற்றில் வாலஸ் 429.5 வாக்குகளும் ட்ரூமன் 319.5 வாக்குகளும் பெற்றார்கள். அதன்பின் மாநிலக் குழுக்கள் ஒவ்வொன்றாக அணி மாற, இரண்டாம் சுற்றிலேயே ட்ரூமன் வென்றார்.

1945 ஜனவரி 20 அன்று துணை அதிபராகப் பதவியேற்ற ட்ரூமன், ரூஸ்வெல்ட் இறந்ததால் ஏப்ரல் 12 அன்று அதிபரானார். அணுகுண்டுத் திட்டத்தின் முழு விவரம் அவருக்கு ஏப்ரல் 25 அன்றுதான் விளக்கப்பட்டது. அடுத்த அதிபர் இவர்தான் என்று கணித்துத் தேர்ந்தெடுத்த மனிதரை, அதிபர் பொறுப்புக்கு யாருமே ஆயத்தப்படுத்தவில்லை. இதனால்தான் துணை அதிபர் மாற்றம் பற்றிய பேச்சை வெறும் தேர்தல் கணக்காகக் கருதக் கூடாது என்று நினைக்கிறேன்.

வைகறை

செம்மண் நிலத்தான் அவர்கள் 1944-ஐ எழுதிவிட்டதால், நான் 1975-க்கு வருகிறேன். பதவியில் இருந்த துணை அதிபர் ஒருவர், மீண்டும் நின்ற அதிபரால் கைவிடப்பட்ட கடைசி நிகழ்வு அதுதான்.

ஜெரால்ட் ஃபோர்டும் நெல்சன் ராக்ஃபெல்லரும் மக்கள் வாக்களித்து அப்பதவிகளுக்கு வந்தவர்கள் அல்லர். 1967-இல் நடைமுறைக்கு வந்த 25-ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, துணை அதிபர் பதவி காலியானால் அதிபர் ஒருவரை முன்மொழியலாம். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் பெரும்பான்மை வாக்கால் ஒப்புதல் தர வேண்டும். நிக்சனின் துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ விலகியதால் ஃபோர்டு துணை அதிபரானார், நிக்சன் விலகியதால் அதிபரானார், பின்னர் 1974 டிசம்பரில் ராக்ஃபெல்லர் துணை அதிபரானார். குடியரசுக் கட்சியின் வலதுசாரிகளுக்கு ராக்ஃபெல்லர் என்ற பெயரே ஆகாது; ரொனால்ட் ரீகன் உள்கட்சிப் போட்டியில் இறங்கப்போகிறார் என்பதும் தெரிந்திருந்தது. ஃபோர்டின் பிரசார மேலாளர் ஹோவர்ட் காலவே, ராக்ஃபெல்லர் கட்சிக்குச் சுமை என்ற கருத்தை வெளிப்படையாகவே பேசிவந்தார். 1975 நவம்பர் 3 அன்று, அடுத்த தேர்தலில் தம் பெயரைக் கருத வேண்டாம் என்று ராக்ஃபெல்லர் கடிதம் கொடுத்தார். அதன் பிறகும் ரீகன் பின்வாங்கவில்லை. அதே மாதம் 20-ஆம் தேதி களம் இறங்கினார்.

பொதுத்தேர்தலில் ஃபோர்டு ஜிம்மி கார்ட்டரிடம் தோற்றார். கார்ட்டர் பெற்ற தேர்வாளர் வாக்குகள் (மாநிலவாரியாக ஒதுக்கப்பட்டு அதிபரைத் தீர்மானிக்கும் வாக்குகள்) 297. அவற்றில் 41 நியூயார்க் மாநிலத்துடையவை. ராக்ஃபெல்லர் அந்த மாநிலத்தில் ஆளுநர் தேர்தலில் நான்கு முறை வென்றவர். நியூயார்க் மட்டும் ஃபோர்டு பக்கம் சாய்ந்திருந்தால், கார்ட்டருக்கு 256 வாக்குகளே எஞ்சியிருக்கும். வெற்றிக்குத் தேவை 270. ராக்ஃபெல்லர் உடன் நின்றிருந்தால் நியூயார்க் உறுதியாகக் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உள்கட்சி எதிரியைச் சமாதானப்படுத்துவதற்காக, பொதுத்தேர்தலில் பயன்படக்கூடிய ஒருவரைக் கைவிட்டது பெரும் விலையாகிவிட்டது என்பதே என் கருத்து. ஃபோர்டும் பிற்காலத்தில் அந்த முடிவுக்காக வருந்தினார்.

நீலமலை

வைகறை அவர்களின் முடிவை நான் ஏற்கவில்லை. 1976 ஆகஸ்டில் கான்சாஸ் நகர மாநாட்டில் ஃபோர்டு பெற்றவை 1,187 வாக்குகள், ரீகன் பெற்றவை 1,070. அறுபது பிரதிநிதிகள் மனம் மாறியிருந்தால், பதவியில் இருந்த அதிபர் தம் கட்சியின் வேட்பாளர் தகுதியையே இழந்திருப்பார். மிசிசிப்பி போன்ற தென்மாநிலப் பிரதிநிதிகள் கடைசி நாள் வரை ஊசலாடிக்கொண்டிருந்த அந்த மாநாட்டுக்கு, ராக்ஃபெல்லரையும் உடன் அழைத்துக்கொண்டு ஃபோர்டு சென்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? நியூயார்க்கை வெல்வது பற்றிய பேச்சுக்கே இடம் இருந்திருக்காது. பின்னால் வந்த தோல்வியை வைத்து முன்னால் எடுத்த முடிவை எடைபோடுவது நியாயமன்று.

மாற்றம் உடனடிப் பயன் தந்த நிகழ்வும் உண்டு. 1864-இல் மெய்ன் மாநிலத்து ஹானிபால் ஹாம்லினுக்குப் பதிலாக, அமெரிக்க ஒன்றியத்துக்கு விசுவாசமாக இருந்த டென்னசியின் ஜனநாயகக் கட்சிக்காரர் ஆண்ட்ரூ ஜான்சன், குடியரசுக் கட்சி அதிபர் லிங்கனுடன் நிறுத்தப்பட்டார். உள்நாட்டுப் போரின் நடுவே இரு கட்சியினரையும் சேர்த்துக்கொள்ளும் அறிகுறியாக அது அமைந்தது, லிங்கனும் வென்றார். ஆனால் 1865 ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்ட பின், விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் உரிமைகளுக்குக் குறுக்கே நின்றவர் இதே ஜான்சன்தான். 1868-இல் பதவி நீக்க விசாரணையில் ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் தப்பினார். அந்தத் தேர்வுக்கு அம்மக்கள் தந்த விலையை நினைத்தால், செம்மண் நிலத்தான் அவர்களின் கவலையில் நானும் முழுமையாக உடன்படுகிறேன்.

வைகறை

நீலமலை அவர்கள் சொல்லும் மாநாட்டுக் கணக்கு சரியானதே. ஆனால் அதே மாநாட்டில் நியூயார்க் பிரதிநிதிகளில் மிகப் பெரும்பாலோரை ஃபோர்டுக்கு வாக்களிக்கச் செய்தவர், கைவிடப்பட்ட ராக்ஃபெல்லர்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கரிசல்காட்டு வாசகி

ஏன் இந்தப் பேச்சு ஓயாமல் எழுகிறது என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். என் பார்வையில் அதற்கு ஊற்று அதிபரின் பலவீனம். துணை அதிபரின் குறைகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. 1955 செப்டம்பரில் ஐசனோவருக்கு மாரடைப்பு ஏற்பட்ட பின்னர்தான் நிக்சனை மாற்றும் பேச்சு வலுத்தது. ஐசனோவரே அவரிடம் ஓர் அமைச்சர் பதவியை ஏற்கலாமே என்று சொல்லிப் பார்த்தார், நிக்சன் அசையவில்லை. 2011 இறுதியில் ஒபாமாவின் செல்வாக்கு சரிந்திருந்தபோது, பைடனுக்குப் பதிலாக ஹிலாரி கிளிண்டனை நிறுத்தினால் பயன் இருக்குமா என்று அவருடைய குழுவினர் கருத்துக்கணிப்பு நடத்திப் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியாததால் அந்த எண்ணம் கைவிடப்பட்டது. வெள்ளை மாளிகைத் தலைமை அலுவலராக இருந்த வில்லியம் டேலி 2013-இல் இதை ஒப்புக்கொண்டார். செனி விஷயத்தில், அவரே விலகிக்கொள்ள முன்வந்ததையும், தாம் அதைப் பரிசீலித்ததையும் இளைய புஷ் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஆகவே இந்தப் பேச்சுகள் எல்லாமே பத்திரிகைக் கற்பனை அல்ல. உள்ளே ஆராய்ந்து பார்த்து, வேண்டாம் என்று ஒதுக்கிய முடிவுகளும் அவற்றில் உண்டு.

ஒதுக்குவதற்குக் காரணம் எளிது. இப்போது துணை அதிபர் வேட்பாளரை அதிபரே தேர்ந்தெடுக்கிறார் என்பதால், அவரை மாற்றுவது தம்முடைய முதல் பெரிய முடிவே தவறு என்று நாட்டுக்கு அறிவிப்பதாகிவிடும். அதோடு, விலக்கப்படுபவரின் ஆதரவாளர்கள் விலகிப்போனால் அந்த இழப்பை யார் ஈடுசெய்வது? 2023-இல் ஹாரிஸைப் பற்றிப் பேசியவர்கள் இதைப் போதுமான அளவு எண்ணவில்லை என்று எனக்குத் தோன்றியது. கறுப்பினப் பெண்கள் ஜனநாயகக் கட்சியின் மிக உறுதியான வாக்காளர்கள். முதன்முதலாக அந்தப் பதவிக்கு வந்த பெண்ணை நீக்கிவிட்டு அவர்களிடம் வாக்குக் கேட்பது எப்படி? அவருடைய செல்வாக்குக் குறைவாக இருந்தது உண்மைதான், ஆனால் பைடனின் செல்வாக்கும் அப்படித்தான் இருந்தது. எண்பது வயதைக் கடந்த அதிபரைப் பற்றிய கவலையை நேராகச் சொல்லத் தயங்கியவர்கள் அதை ஹாரிஸின் மேல் ஏற்றிச் சொன்னார்கள் என்றே நான் கருதுகிறேன்.

2024 ஜூலை 21 அன்று பைடன் தேர்தல் போட்டியிலிருந்து விலகியபோது, பிரசார நிதிக் குழு இருவர் பெயரிலும் பதிவாகியிருந்ததால், அதிலிருந்த 9 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை ஹாரிஸின் பிரசாரத்துக்கு நேரடியாகக் கிடைத்தது. முந்தைய ஆண்டு அவரை மாற்றியிருந்தால், அந்த நெருக்கடியில் கட்சியின் கையில் இருந்திருப்பது வாக்காளர்கள் சரியாக அறியாத ஒரு புதுமுகம். நவம்பரில் ஹாரிஸ் தோற்றார் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் பதினைந்து வாரங்களே எஞ்சியிருந்த நிலையில் கட்சி உடையாமல் ஒன்றுதிரண்டதற்கு, அவர் அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்ததே முதற்காரணம்.

பொருநை வாசகர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே ஓர் ஐயம் மீதமிருக்கிறது. அடுத்த தேர்தலில் இடமில்லை என்று தெரிந்த பிறகு, அந்தத் துணை அதிபர் உடனே பதவி விலகிவிடுகிறாரா?

செம்மண் நிலத்தான்

இல்லை ஐயா, பதவிக்காலம் முடியும் வரை இருக்கிறார். வாலஸ் 1944 இலையுதிர் காலம் முழுவதும் ரூஸ்வெல்ட்-ட்ரூமன் இணைக்காகவே பிரசாரம் செய்தார். ட்ரூமனுக்குத் துணை அதிபர் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவரும் அவர்தான். பிறகு வணிகத்துறைச் செயலரானார். 1946 செப்டம்பரில் ட்ரூமன் அவரை அப்பதவியிலிருந்து நீக்கினார், அமைச்சர்களை நீக்கும் அதிகாரம் அதிபருக்கு இருந்ததால். ராக்ஃபெல்லரும் 1977 ஜனவரி 20 வரை பதவியில் நீடித்தார். அந்த மாதம் நாடாளுமன்றக் கூட்டு அமர்வில் தேர்வாளர் வாக்குகள் எண்ணப்பட்டபோது தலைமை தாங்கி, கார்ட்டரும் வால்டர் மான்டேலும் வென்றதை முறைப்படி அறிவித்தவரும் அவரே.