மைவி காரில் ஒடுக்கு: வீட்டில் எடுக்கலாமா, பட்டறைக்கே விடலாமா?

மைவி ராணி (ஆயர் ஈத்தாம், பினாங்கு)
வணக்கம். என் 2014 மைவிக்கு இந்த மாதம் இரண்டு அடி. பிளாட் கார் பார்க்கில் தூண் இடித்து பின் பம்பர் மூலை உள்ளே போய்விட்டது. அப்புறம் ஜெலுத்தோங் நெரிசலில் ஒரு மோட்டார்சைக்கிள் உரசிவிட்டு நிற்காமல் போனதில், பின் சக்கரத்துக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு. அதன் ஓரத்தில் பெயிண்ட் மெல்லிசாக வெடித்திருக்கிறது. பட்டறையில் இரண்டுக்கும் 600 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். ஷாப்பியில் க்ளூ ஒட்டி இழுக்கும் செட் 40 வெள்ளிதான். தம்பி, "வெந்நீர் ஊற்றினாலே வந்துவிடும்" என்கிறான். வீட்டிலேயே பார்க்கலாமா?

ஸ்க்ரூடிரைவர் (பாயான் லெப்பாஸ்)
தாராளமாகப் பார்க்கலாம். பம்பருக்கு உங்கள் தம்பி சொல்வது சரி. அது பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். கொதித்து இறக்கிய தண்ணீரை மெதுவாக ஊற்றினால் இளகும். உள்பக்கம் கையை விட்டுத் தள்ளி, உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அப்படியே நின்றுவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இதற்குப் போய் 300 வெள்ளி கொடுப்பது அநியாயம்.

பட்டறைப் பிள்ளை (செகாம்புட்)
பம்பரில் சண்டை இல்லை. ஆனால் தள்ளுவதற்கு முன் பம்பர் ஓரத்து கிளிப் உடைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள் பாஸ். கிளிப் போயிருந்தால் எவ்வளவு தள்ளினாலும் ஓரம் தொங்கும்.

சக்கரத்துக்கு மேலே இருப்பது இரும்புத் தகடு. அதில் வெந்நீர் ஊற்றினால் வண்டி கழுவின மாதிரி, அவ்வளவுதான். ஹேர் டிரையரில் சூடு காட்டி ஸ்பிரே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்துக் குளிர வைக்கும் வீடியோக்களும் அப்படியே.

ஸ்க்ரூடிரைவர்
அந்த வீடியோக்களை நானும் நம்பவில்லை. 10 சென்டிமீட்டர் இரும்பு 60 டிகிரி சூடேறினால் விரிவது 0.07 மில்லிமீட்டர். அதில் என்ன ஒடுக்கு நிமிரும்? விரலால் தட்டினாலே "டொக்" என்று வெளியே வரத் தயாராக இருக்கும் ஒடுக்கைத்தான் அவர்கள் படம் பிடிக்கிறார்கள். நான் சொல்வது க்ளூ செட். வேலை செய்கிற சாமான் அது.

பட்டறைப் பிள்ளை
வேலை செய்யும், பெயிண்ட் முழுசாக இருந்தால். இங்கே வெடித்திருக்கிறது. க்ளூ இழுக்கும்போது வெடித்த இடத்துப் பெயிண்ட் தகட்டைவிட்டு க்ளூவோடு வந்துவிடும். முன்னமே ஒருமுறை பெயிண்ட் அடித்த பேனல் என்றால் இன்னும் மோசம், பெயிண்டின் பிடிமானம் ஒரிஜினல் மாதிரி இருக்காது. இன்னொன்று, நம் ஊர் வெயிலில் நின்ற வண்டியில் அந்த க்ளூ இறுகவே இறுகாது. நிழலில் தகடு ஆறின பிறகுதான் ஒட்ட வேண்டும். கழற்ற ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும், கத்தியால் நெம்பக் கூடாது. செட்டோடு வரும் காகிதத்தில் இதெல்லாம் இருக்காது.

வெயில்காரன்
எதற்கு இத்தனை பாடு? வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டுகிறோமே, கிளைம் பண்ணிவிட்டுப் போகவேண்டியதுதானே.

என்சிடி அக்கா (பிரிக்பீல்ட்ஸ்)
தம்பி, கொஞ்சம் கணக்குப் போடுங்கள். ஐந்து வருஷம் கிளைம் இல்லாமல் ஓட்டினவருக்கு என்சிடி, அதாவது கிளைம் பண்ணாததற்கு பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, 55 விழுக்காடு. சொந்த பாலிசியில் கிளைம் பண்ணினால் அது பூஜ்யமாகிவிடும். அப்புறம் 25, 30, 38.33, 45 என்று ஏறித்தான் மறுபடி 55 வரும். அடிப்படை பிரீமியம் 1,000 வெள்ளி என்று வையுங்கள். முதல் வருஷம் 550 கூடுதல், அடுத்தடுத்து 300, 250, 167, 100. மொத்தம் 1,367 வெள்ளி. 600 வெள்ளி வேலைக்கா?

ராணி, மோட்டார்சைக்கிள் நம்பர் கையில் இருந்தால் அவர் இன்சூரன்ஸ் பக்கம் போகும் வழி உண்டு. ஆனால் ரிப்போர்ட் செய்தீர்களா? 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி விபத்து நடந்து 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும்.

மைவி ராணி
நம்பர் எடுக்க முடியவில்லை அக்கா. என்சிடியைத் தொடப் போவதில்லை. அந்த வெடிப்புதான் எனக்குக் கவலை. அப்படியே விட்டால்?

பட்டறைப் பிள்ளை
துருப்பிடிக்கும். பினாங்கில் உப்புக் காற்று, அதோடு நம் மழை. வெடிப்புக்குள் தண்ணீர் புகுந்தால் துரு பெயிண்டுக்கு அடியிலேயே பரவும், வெளியே குமிழ் வரும்போது பாதி தகடு போயிருக்கும். அதனால்தான் வீட்டில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) போடாதீர்கள் என்று தலைப்பாடாகச் சொல்கிறேன். பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். காலையில் தேய்த்து இரும்பைத் திறந்து வைத்துவிட்டு மாலையில் பட்டி பூசுகிறவர்கள், அதற்குள் படிந்த துருவின் மேலேயே பூசுகிறார்கள். தேய்த்த கையோடு எப்பாக்ஸி பிரைமர் (இரும்பை மூடும் அடிப்பூச்சு) போக வேண்டும். பட்டியை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனர், பட்டியின் எடையில் சுமார் 2 விழுக்காடு. நம் சூட்டுக்கு அதிகம் போட்டால் கத்தியிலேயே கல்லாகிவிடும். இதையெல்லாம் பிளாட் கார் பார்க்கில் செய்வதா?

ஸ்க்ரூடிரைவர்
பட்டி போடச் சொன்னது யார்? நீங்களே ஒன்றைக் கிளப்பி நீங்களே அடிக்கிறீர்கள் அண்ணே. இது தினமும் பசாருக்குப் போகிற 2014 மைவி. பூட் (பின் டிக்கி) உள்பக்க அட்டையைக் கழற்றினால் அந்தத் தகட்டின் பின்புறம் கை எட்டுகிற இடமாக இருக்கலாம். துணி சுற்றிய மரக்கட்டையால் நடுவிலிருந்து இல்லாமல் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் முக்கால்வாசி நிமிரும். வெடிப்பைத் துடைத்துக் காயவைத்து, வண்டியின் கலர் குறியீட்டு எண் பார்த்து வாங்கின டச்-அப் பெயிண்டை நுனித் தூரிகையால் வைத்து மூடிவிட வேண்டியது. பக்கத்தில் வந்து பார்த்தால் தெரியும். தெரியட்டுமே! தண்ணீர் போகாமல் இருந்தால் போதும். நூற்றுக்கு நூறு வேண்டும் என்கிற ஆசைக்குத்தான் பட்டறை 300 வெள்ளி வாங்குகிறது.

பட்டறைப் பிள்ளை
300 வெள்ளி ஆசைக்கு இல்லை பாஸ். பட்டி, பிரைமர், கலர், கிளியர் (கலருக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு), அதற்கு மேல் ஒரு ஆளின் ஒரு நாள். அந்தத் தகடு கதவு மாதிரி போல்ட்டில் இல்லை, பாடியோடு வெல்டு. கட்டையால் ஒரே இடத்தில் அழுத்தி மேடு கிளப்பிவிட்டால் இரும்பு நீண்டுவிடும். அதை அடக்குவது ஒடுக்கு எடுப்பதைவிடக் கஷ்டம். அப்படி மேடு போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம்தான் நாங்கள் கூடுதலாக வாங்குகிறோம், உண்மையைச் சொல்கிறேன்.

வெயில்காரன்
சரி, ஸ்பிரே டப்பா வாங்கி நாமே அடித்தால்?

பட்டறைப் பிள்ளை
சாதாரண டப்பா கிளியர் மேல் பெட்ரோல் சிந்தினால் மங்கிவிடும். ஹார்டனர் கலந்த டூ-கே கிளியர் நிற்கும், ஆனால் அதில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது. மூச்சுக்குழாயைப் பிடித்தால் ஆஸ்துமா. மருந்துக்கடை மாஸ்க் அதைத் தடுக்காது. பக்கத்து லாட்டில் நிற்கும் ஆல்சா கார் மேல் தூறல் படிந்தால் வரும் சண்டை தனி.

ஸ்க்ரூடிரைவர்
இதை ஒத்துக்கொள்கிறேன். ஸ்பிரே வேண்டாம். தூரிகை மட்டும்.

என்சிடி அக்கா
வண்டியை விற்கும்போது என்ன ஆகும் என்று யாரும் பேசவில்லையே? ஒரிஜினல் பெயிண்டின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர் இருக்கும். தடிமன் அளக்கும் கையளவு மீட்டர் கருவி வைத்துப் பார்க்கிற வியாபாரிக்குப் பட்டி உடனே தெரிந்துவிடும், பெரிய அடி என்று நினைத்துக் குறைப்பார். தெரிகிற சின்ன ஒடுக்குக்கு அவ்வளவு குறைக்க மாட்டார்கள்.

ஸ்க்ரூடிரைவர்
பாருங்கள், அக்கா என் பக்கம்.

என்சிடி அக்கா
நான் யார் பக்கமும் இல்லை தம்பி. வெடிப்பை மூடாமல் விட்டால் அதற்கும் குறைப்பார்.

மைவி ராணி
சனிக்கிழமை தம்பியை வைத்துக்கொண்டு பம்பருக்கு வெந்நீர் ஊற்றப் போகிறேன். வெடிப்புக்கு இன்றைக்கே டச்-அப் வாங்கி வைக்கிறேன். பின் தகட்டைக் கட்டையால் தொட பயமாக இருக்கிறது. பெயிண்ட் அடிக்காமல் கம்பி விட்டு எடுக்கும் பி.டி.ஆர். ஆளிடம் காட்டலாமா?

பட்டறைப் பிள்ளை
காட்டுங்கள். வெடிப்பு இருப்பதைப் போனிலேயே முதலில் சொல்லிவிடுங்கள், சிலர் எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் வெடிப்பு மறையாது, வளைவு மட்டும் நிமிரும். அவர் முடித்த பிறகு டச்-அப் வையுங்கள், முன்னால் வேண்டாம். அதுவரை மழைக்கு மாஸ்கிங் டேப் ஒட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும். கொஞ்சம் வேக்ஸ் தடவி வையுங்கள். டச்-அப் வைக்கும் முன் அதை ஆல்கஹாலால் துடைத்துவிட வேண்டும்.

ஸ்க்ரூடிரைவர்
பி.டி.ஆர். ஆள் 150 வெள்ளிக்கு மேல் கேட்டால் இங்கே வந்து சொல்லுங்கள். கட்டையோடு நான் ஆயர் ஈத்தாம் வருகிறேன்.

பட்டறைப் பிள்ளை
மேடு கிளம்பினால் என் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.