கலைச்சொல் உசாவல்: ‘ஃபார்ம் சிஸ்டம்’, ‘ப்ராஸ்பெக்ட்’, ‘ஆப்ஷன்’

வணக்கம்.

பேஸ்பால் சொற்பட்டியலில் ஆட்டச் சொற்கள் ஏறத்தாழ முடிந்தன. மீதி நிற்பவை, பெரிய அணி ஒன்று தன் ஆட்களைக் கீழ்நிலை அணிகளில் வைத்து வளர்த்தெடுக்கும் ஏற்பாட்டுக்கான சொற்கள். பொருள் தெளிவாக இருந்தால்தான் சொல் அமையும் என்பதால் முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் மேஜர் லீக்கில் 30 அணிகள். 2021 சீரமைப்புக்குப் பின் ஒவ்வொன்றுக்கும் முழுப்பருவம் ஆடும் கீழ்நிலை அணிகள் நான்கு: ட்ரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ. ஆக 120. அதற்கு முன், குறும்பருவ அணிகளையும் சேர்த்து, 160 இருந்தன. இவற்றுக்கும் கீழே அரிசோனா, ஃபுளோரிடா பயிற்சி வளாகங்களில் ஆடும் காம்ப்ளெக்ஸ் லீக்குகள். அடிமட்டத்தில் டொமினிகன் குடியரசில் நடக்கும் கோடை லீக். பதினாறு, பதினேழு வயதில் ஒப்பந்தமாகும் லத்தீன் அமெரிக்கப் பையன்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

பால்டிமோர் ஓரியோல்ஸை எடுத்துக்கொண்டால் 2023-இல் அதன் ஏணி, அடிப்படியிலிருந்து மேலாக, இது: டெல்மார்வா, அபர்டீன், பௌயி, நார்ஃபோக். 2022-இல், புது வீரர்களை அணிகள் பங்கிட்டுக்கொள்ளும் டிராஃப்டில், முதல் ஆளாகத் தேர்வான ஜாக்சன் ஹாலிடே 19 வயதில், 2023 என்ற அந்த ஒரே ஆண்டில், நான்கு அணிகளிலும் ஆடினார்.

‘பண்ணை முறை’ என்று நேராகப் பெயர்த்தால் வாசகர் மனத்தில் கோழிப்பண்ணை வரும், அல்லது பண்ணையார் வருவார். என் பரிந்துரை: ஃபார்ம் சிஸ்டம் = நாற்றங்கால். ப்ராஸ்பெக்டுக்கு, அதாவது மேலே வருவார் என்று அணி நம்பி வளர்க்கும் வீரருக்கு, ‘எதிர்நோக்கு வீரர்’ என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. ஆப்ஷனுக்கு, அதாவது வீரரைக் கீழ்நிலை அணிக்கு அனுப்பும் உரிமைக்கு, எதுவும் இல்லை.

– நா.

*

நா. ஐயாவுக்கு,

‘எதிர்நோக்கு வீரர்’ வேண்டவே வேண்டாம். விரைந்து படிப்பவர் கண்ணில் அது ‘எதிரணி வீரர்’ ஆகிவிடும்.

பண்ணையை இவ்வளவு எளிதில் தள்ளலாமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாட்டைக் கட்டி எழுப்பியவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் பிராஞ்ச் ரிக்கி. மற்ற அணிகளோடு ஏலம் கேட்டு வீரர்களை வாங்கப் பணம் இல்லாததால், 1920-களில் ஹூஸ்டன், ஃபோர்ட் ஸ்மித், சிராக்யூஸ் போன்ற ஊர்களின் அணிகளில் பங்கு வாங்கி, ஆட்களை மலிவாகச் சேர்த்து, அங்கேயே பழக்கினார். பேஸ்பால் ஆணையர் கெனசா மவுன்டன் லாண்டிஸுக்கு இது பிடிக்கவில்லை. ஒரே அணி பல ஊர்களில் ஆட்களைப் பூட்டி வைத்தால் அவர்கள் முன்னேற வழியிராது என்பது அவர் வாதம். 1938-இல் கார்டினல்ஸின் கீழ்நிலை வீரர்கள் எழுபதுக்கும் மேற்பட்டோரை அவர் ஒரே ஆணையில் விடுவித்தார். பண்ணையாள் என்ற சொல் தமிழில் சுமக்கும் பொருள் இந்த வரலாற்றுக்குப் பொருந்தத்தான் செய்கிறது.

நாற்றங்காலில் எனக்கு வேறொரு தயக்கமும் உண்டு. விதைத்த நாற்றில் பெரும்பகுதி வயலுக்குப் போகும். இங்கே பெரும்பாலோர் மேஜர் லீக்கில் ஒரு நாள்கூட ஆடாமலே வீடு திரும்புகிறார்கள்.

– கு.

*

கு. தம்பிக்கு,

வரலாறு சரி. ஆனால் நாம் சொல் தேடுவது 1938-க்காக அல்ல. கீழ்நிலை வீரர்கள் 2022-இல் மேஜர் லீக் வீரர் சங்கத்தில் சேர்ந்து 2023-இல் முதல் கூட்டு ஒப்பந்தம் பெற்றார்கள். அந்த ஆண்டுக்கான குறைந்தபட்ச ஊதியம் ட்ரிபிள்-ஏயில் 35,800 டாலர், டபுள்-ஏயில் 30,250, ஹை-ஏயில் 27,300, சிங்கிள்-ஏயில் 26,200, காம்ப்ளெக்ஸில் 19,800. போதுமா என்பது வேறு கேள்வி. பேரம் பேசி ஊதியம் பெறும் தொழிலாளரைப் பண்ணையாள் என்று நாம் அழைக்கக் கூடாது.

நாற்றங்கால் இடத்தின் பெயர். அங்கே வளர்வன எல்லாம் பிழைக்கும் என்று அந்தச் சொல் உறுதி தரவில்லை. கூட்டுச்சொல் ஆக்கவும் நன்றாக வளைகிறது: நாற்றங்கால் தரவரிசை, நாற்றங்கால் இயக்குநர். ஓர் அணி பேரத்தில் இளைஞர்களை எல்லாம் கொடுத்து நட்சத்திரம் ஒருவரை வாங்கினால் ‘நாற்றங்கால் வெறுமையானது’ என்று எழுதலாம். விளக்கமே வேண்டாம்.

ஒரு திருத்தம் மட்டும். தனித்தனி அணிகளைக் ‘கிளை அணி’ என்று சிலர் எழுதுகிறார்கள். கிளை என்றால் உடைமை தலைமையகத்துடையது என்றாகிறது. உண்மையில் கீழ்நிலை அணிகளில் பெரும்பாலானவை வேறு முதலாளிகளுடையவை. 2021 முதல் பத்தாண்டு உரிமம் பெற்று இயங்குகின்றன. நுழைவுச்சீட்டு, தின்பண்டக் கடை, விளம்பரம் எல்லாம் உள்ளூர் முதலாளி பாடு. வீரர்கள், பயிற்றுநர்கள், அவர்கள் ஊதியம், இன்று யார் எத்தனை பந்து வீசுவது என்பதெல்லாம் மேலணியின் பாடு. வெற்றி தோல்வி அங்கே இரண்டாம்பட்சமாவது இதனால்தான். வீச்சாளர் ஆட்டத்தை முழுக்கக் கைக்குள் வைத்திருந்தாலும், பந்து எண்ணிக்கை வரம்பைத் தொட்டதும் வெளியே எடுத்துவிடுவார்கள். எனவே ‘வளர்ப்பணி’ என்று சொல்லலாம். வளர்ப்பு மகன் என்பதில் வரும் அதே ‘வளர்ப்பு’. பிறர் வீட்டில் பிறந்தது, நம் பொறுப்பில் வளர்வது.

இனி ப்ராஸ்பெக்ட். இலங்கையில் ‘வளர்முக நாடுகள்’ என்ற வழக்கு உண்டல்லவா? அதை ஒட்டி ‘வளர்முக வீரர்’ என்பது என் பரிந்துரை. ‘இளையோர்’ என்று எங்கும் வரக்கூடாது. ட்ரிபிள்-ஏயில் முப்பது வயதைத் தாண்டியவர் ஏராளம். வளர்ப்பணியில் ஆடுவோர் எல்லாரும் வளர்முக வீரரும் அல்லர். ஆட்டம் நடக்க ஆள் வேண்டும் என்பதற்காகவும், இளையவர்களுக்கு வழிகாட்டியாகவும் அணியில் வைக்கப்படுவோர் உண்டு. அவர்களுக்கு ‘நிரப்பு வீரர்’. யார் எந்த வகை என்று பிரித்தறியாமல் புள்ளிவிவரம் படித்தால் ஏமாற்றம்தான்.

முதலில் பார்க்க வேண்டியது அந்தப் படிக்கு அவர் வயது என்ன என்பதை. டபுள்-ஏயில் 20 வயதுக்காரர் சராசரியாக ஆடினால் அது பெரிய செய்தி. 26 வயதுக்காரர் அங்கே வெளுத்து வாங்கினாலும் சாரணர்கள் (வீரர்களைத் தேடி மதிப்பிடும் அணி ஆட்கள்) பெரிதாகக் கொள்வதில்லை. அடுத்து ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளர் வெளியேறுவது), வாக் (நான்கு தவறான பந்துக்கு அவர் முதல் தளம் பெறுவது) விகிதங்கள். அடிச்சராசரிக்கு அதன் பிறகுதான் இடம், ஏனென்றால் அதில் தடுப்பாளர் தரமும் மைதானமும் கலந்துவிடும். ட்ரிபிள்-ஏயில் பசிஃபிக் கோஸ்ட் லீக் எண்களை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். ஆல்புகெர்க்கி கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல். காற்று மெலிந்திருப்பதால் பந்து தொலைவு போகும், சுழற்பந்து குறைவாக வளையும். அங்கே 25 ஹோம்ரன் அடித்தவரையும் கடலோர நார்ஃபோக்கில் 18 அடித்தவரையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. 2023-இல் ட்ரிபிள்-ஏ மைதானங்கள் எல்லாவற்றிலும் ஸ்ட்ரைக்கைத் தீர்மானிக்கக் கருவி வந்ததால், அந்தப் பருவத்து வாக் எண்ணிக்கையை முந்தைய ஆண்டுகளோடு வைத்துப் பார்ப்பதிலும் எச்சரிக்கை தேவை.

சாரணர் மதிப்பெண் 20 முதல் 80 வரை. ‘இருபது–எண்பது அளவை’ என்றே வைத்துக்கொள்ளலாம். 50 என்பது மேஜர் லீக் சராசரி. ஒவ்வொரு 10-உம் ஒரு திட்டவிலக்கம். வலக்கை மட்டையாளர் அடித்த கணத்திலிருந்து முதல் தளத்தை 4.3 வினாடியில் தொட்டால் ஓட்டத்துக்குச் சுமார் 50, நான்கு வினாடியை ஒட்டி வந்தால் 80. ஒவ்வொரு திறனுக்கும் இன்றைய மதிப்பெண், வருங்கால மதிப்பெண் என்று இரண்டு எழுதுவார்கள். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தொலைவுதான் ‘வளர்முகம்’ என்பதன் பொருள். நிரப்பு வீரருக்கு அந்த இடைவெளி இராது.

– வெ.

*

வெ. அக்காவின் மூன்று சொற்களையும் வழிமொழிகிறேன்.

ஆப்ஷனைப் பற்றி. இதை ‘விருப்பத்தேர்வு’ என்று எழுதி ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. வீரருக்கு ஏதோ விருப்பம் கொடுக்கப்பட்டதுபோல் அதில் தொனிக்கிறது. நடப்பது நேர்மாறு. உரிமை முழுக்க அணியுடையது.

அது இயங்கும் விதம் இப்படி: ஒவ்வோர் அணிக்கும் 40 பேர் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதிலிருந்து 26 பேர் மேலணியில் ஆடுவார்கள், அவர்களில் வீச்சாளர் 13-க்கு மேல் கூடாது. நாற்பதில் இருந்தும் இருபத்தாறில் இல்லாதவர்களில் பெரும்பாலோர் இந்த ஆப்ஷனின்படி கீழே அனுப்பப்பட்டவர்கள். வீரர் ஒருவருக்குப் பொதுவாக மூன்று ஆப்ஷன் ஆண்டுகள். ஒரு பருவத்தில் மொத்தம் 20 நாளோ அதற்கு மேலோ கீழே இருந்தால் ஓர் ஆண்டு செலவாகும். அந்த ஆண்டுக்குள் பலமுறை ஏற்றி இறக்கலாம். மேஜர் லீக் வீரர்களின் 2022 ஒப்பந்தத்தின்படி ஒரு பருவத்தில் ஐந்து முறைக்கு மேல் இறக்க வேண்டுமானால், மற்ற அணிகள் கோரி எடுத்துக்கொள்ள இடம் தரும் கோரல் (வேய்வர்) பட்டியலில் விட்டு எடுக்க வேண்டும். கீழே போன மட்டையாளர் 10 நாள், வீச்சாளர் 15 நாள் கழித்தே திரும்பலாம். காயம்பட்டவருக்கு மாற்றாக வந்தால் மட்டும் விலக்கு.

என் பரிந்துரை:
மேலே அழைப்பது – ஏற்றம்
கீழே அனுப்புவது – இறக்கம்
ஆப்ஷன் – இறக்குரிமை
மூன்றும் செலவானவர் – இறக்குரிமை தீர்ந்தவர்
நாற்பது பேர் பட்டியல் – நாற்பதின்மர் பட்டியல்
வேய்வர் – கோரல் (மற்ற 29 அணிகளும் அவரைக் கோரலாம் என்பதால்)

மார்ச் மாதக் கடைசியில், பருவம் தொடங்கும் வேளையில், செய்தி படிப்பவருக்கு ‘இறக்குரிமை தீர்ந்தவர்’ மிக முக்கியமான சொல். திறமை ஒன்றாகவே உள்ள இருவரில் இறக்குரிமை மிச்சமுள்ளவர் ட்ரிபிள்-ஏக்குப் போவார், தீர்ந்தவர் மேலணியில் தங்குவார். தீர்ந்தவரை இறக்க முயன்றால் கோரலில் வேறோர் அணி தூக்கிக்கொண்டு போய்விடும். ‘நன்றாக ஆடியவரை ஏன் அனுப்பினார்கள்?’ என்ற கேள்விக்குப் பாதி நேரம் விடை இதில் இருக்கிறது.

சர்வீஸ் டைமுக்குப் ‘பணிநாள்’ போதும். மேலணியில் 172 நாள் சேர்ந்தால் ஓர் ஆண்டு. ஆறு ஆண்டு முடிந்தால் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை. 2015-இல் சிகாகோ கப்ஸ் கிரிஸ் பிரையன்ட்டை ஏப்ரல் 17-இல்தான் ஏற்றியது. அந்தப் பருவம் அவருக்கு 171 பணிநாளோடு முடிந்தது. ஒரு நாள் குறைந்ததால் அணிக்கு ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைத்தது. அவர் முறையிட்டும் 2020-இல் தீர்ப்பு எதிராகவே வந்தது. என்னைக் கேட்டால் அது அநியாயம். 2022 ஒப்பந்தம் இதைக் கொஞ்சம் சரிசெய்தது: முதலாண்டு வீரர் விருதில் முதல் இரண்டு இடம் பிடிக்கும் முன்னணி வளர்முக வீரருக்கு, எப்போது ஏற்றினாலும், முழு ஓராண்டுப் பணிநாள் உண்டு.

– அ.

*

ஒரு குறிப்பு. காயம் ஆறிய மேஜர் லீக் வீரர் சில ஆட்டங்களுக்கு வளர்ப்பணிக்கு வருவார். அதை ‘இறக்கம்’ என்று எழுதக் கூடாது. இறக்குரிமை செலவாகாது, மேஜர் லீக் ஊதியம் தொடரும், பணிநாளும் ஓடும். மட்டையாளருக்கு 20 நாள், வீச்சாளருக்கு 30 நாள் வரம்பு. ‘மீள்வு ஆட்டம்’ என்று தனியே வைக்கலாம். நாற்பதின்மர் பட்டியலில் இல்லாதவரைப் படி மாற்றுவதும் இறக்கம் ஆகாது, அது வெறும் இடமாற்றம்.

– கு.

*

எல்லாருக்கும் நன்றி. சொற்கள் தாங்குகின்றனவா என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“பால்டிமோர் நாற்றங்காலின் தலைசிறந்த வளர்முக வீரர் ஜாக்சன் ஹாலிடே 2024 ஏப்ரல் 10-இல் ஏற்றம் பெற்றார். பத்து ஆட்டங்களில் 34 வாய்ப்புக்கு இரண்டே ஹிட், 18 ஸ்ட்ரைக்அவுட். ஏப்ரல் 26-இல் நார்ஃபோக் வளர்ப்பணிக்கு இறக்கப்பட்டார். அங்கே 20 நாளுக்கு மேல் இருந்ததால் முதல் இறக்குரிமை ஆண்டு செலவானது. ஜூலை 31-இல் மீண்டும் ஏற்றம் பெற்ற அன்றே, மூன்று தளங்களிலும் ஆள் நிற்க ஹோம்ரன் அடித்தார்.”

தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. கு. எழுப்பிய பண்ணை வரலாற்றை நாற்றங்கால் பதிவின் அடியில் விளக்கமாகச் சேர்த்துவிடுகிறேன். படிகளின் பெயர்கள் ட்ரிபிள்-ஏ, டபுள்-ஏ என்றே இருக்கட்டும், அவை பெயர்ச்சொற்கள்.

மிச்சம் ஒன்று. டிராஃப்ட் என்பதை ‘வரைவு’ என்று போட முடியாது, அது ஆவணத்துக்கானது. ‘தெரிவு’ என்று வைத்தால், ஜூலையில் நடப்பதும் டிசம்பரில் நடக்கும் ரூல் ஃபைவும் எப்படி வேறுபடும்?

– நா.

*

ஐயா, ஜூலையில் நடப்பது பள்ளி, கல்லூரி மாணவரைப் பங்கிடுவது. 2021 முதல் 20 சுற்று, 2012 முதல் 2019 வரை 40. இது ‘புதுவரவுத் தெரிவு’.

டிசம்பரில் நடப்பது பிறர் நாற்றங்காலிலிருந்து எடுப்பது. 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்து பருவத்துக்குள், 19 வயதிலோ அதற்கு மேலோ ஒப்பந்தமானவரை நான்கு பருவத்துக்குள் நாற்பதின்மர் பட்டியலில் சேர்க்காவிட்டால், வேறு அணி 1,00,000 டாலர் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். எடுத்த அணி அடுத்த பருவம் முழுக்க அவரை இருபத்தாறுக்குள் வைத்திருக்க வேண்டும், இறக்க முடியாது. முடியாவிட்டால் கோரலில் விட்டு, யாரும் எடுக்காதபோது, பழைய அணிக்கே 50,000 டாலருக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும். ஆள் தேங்கிக் கிடக்கக் கூடாது என்று லாண்டிஸ் சொன்னாரே, அதே நோக்கம்தான்.

விதியின் எண்ணை விட்டுவிடாமல் ‘ஐந்தாம் விதித் தெரிவு’ என்றே எழுதுவோம். நவம்பர் நடுவில் ஒவ்வோர் அணியும் யாரை நாற்பதின்மரில் சேர்த்தது என்று வரும் செய்திக்குக் ‘காப்புச் சேர்ப்பு’. விடுபட்ட பெயர்களில் ட்ரிபிள்-ஏ பின்வரிசை வீச்சாளர் (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து வீசுபவர்) யாராவது இருந்தால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மட்டையாளரை ஆண்டு முழுவதும் இருக்கையில் வைத்துக் காப்பது கடினம். ஒரு இன்னிங்ஸ் வீசும் ஆளை மறைத்து வைப்பது எளிது. அதனால் வீச்சாளர்களே அதிகம் எடுக்கப்படுகிறார்கள்.

– அ.