வீடியோ ஓடுகிறது, கேம் மட்டும் அறுந்துபோகிறது

மூன்று வாரம் என்னைப் படுத்தி எடுத்த கதை இது. கேமிங் கம்ப்யூட்டரில் மட்டும் நெட் விட்டு விட்டுப் போகும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, ஒவ்வொரு தடவையும் சில விநாடிகள். அதே நேரத்தில் பக்கத்து அறையில் போனில் வீடியோ ஜோராக ஓடும். “நெட் நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்பார்கள் பாருங்கள், அதுதான் தாங்காது. வீடியோ கொஞ்ச நேரத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது; நடுவில் சில விநாடி போனாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. கேமில் அப்படி எதைச் சேர்த்து வைப்பது? எதிராளி நகர்ந்தால்தானே அவன் எங்கே நிற்கிறான் என்று தெரியும்!

நான் செய்த தப்பு, ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்றியது. டிரைவர், டிஎன்எஸ், கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போட்டேன். சர்வீஸ்காரர்களிடம் மூன்று தடவை போனில் சண்டையும் போட்டாயிற்று. மறுநாளும் அறுந்தது.

அப்புறம்தான் புத்தி வந்தது. கமாண்ட் பிராம்ப்டில் இரண்டு விண்டோ திறந்து, ஒன்றில் ரவுட்டருக்கு (என் வீட்டில் 192.168.1.1), இன்னொன்றில் வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8-க்கு நிற்காமல் பிங் (பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் சோதனை) ஓடவிட்டேன். ரவுட்டர் பதில் சொல்லி, வெளியே மட்டும் நின்றால் கோளாறு ரவுட்டரிலோ அதைத் தாண்டியோ. இரண்டுமே நின்றால் பெரும்பாலும் வீட்டுக்குள். எனக்கு இரண்டும் ஒரே நொடியில் நின்றன. சண்டை போட்டதை நினைத்து வெட்கமாகிவிட்டது.

நான் லேன் கேபிள்தான் போட்டிருக்கிறேன். இணைப்பின் ஸ்டேட்டஸைத் திறந்தால், 1 ஜிபிபிஎஸ் என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 எம்பிபிஎஸ். கிகாபிட் வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100-க்கு நாலு போதும். சரி, கம்பி எங்கோ போய்விட்டது என்று கேபிளைத் தடவிக்கொண்டே வந்தேன். நாற்காலிச் சக்கரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. ஆட்டம் சூடு பிடிக்கும்போதுதானே நாற்காலி முன்னும் பின்னும் உருளும்? தோற்கப்போகும் நேரமாகப் பார்த்து நெட் போனதன் ரகசியம் அதுதான்.

---

மேலே எழுதியவரைப் போல எனக்கும் பிங்கில் இரண்டும் ஒன்றாகத்தான் நின்றன, ஆனால் என்னுடையது வைஃபை. சின்ன யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகியிருந்தேன். பக்கத்து போர்ட்டில் கேம்கள் வைத்திருக்கும் யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க். டிஸ்க் வேலை செய்யும்போதெல்லாம் லேக், அதாவது கேம் தாமதித்துத் திக்கும். யூஎஸ்பி 3.0 கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழும் என்று இன்டெல் 2012-லேயே அறிக்கை போட்டிருக்கிறது. நான்தான் தாமதமாகப் படித்தேன். அடாப்டரை ஒரு நீட்டிப்பு வயரில் மாட்டி மேசைக்கு மேலே வைத்ததும் அடங்கிவிட்டது.

---

டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்தேன். எனக்கு அவ்வளவுதான் வேலை.

---

என்னுடையது நேர் எதிர். ரவுட்டர் பிங் 1 மில்லி செகண்டில் அசையாமல் நிற்கும், வெளியே போவது மட்டும் 20-லிருந்து 600-க்குத் தாவும். தினமும் ராத்திரி, ஏறக்குறைய ஒரே நேரம். வீட்டில் ஒவ்வொரு போனாகச் சார்ஜில் போட்டதும் அன்றைய போட்டோ, வீடியோ எல்லாம் கிளவுடுக்கு ஏற ஆரம்பிக்கும். அப்லோடு வழி நிரம்பிவிட்டால் கேமின் குட்டிப் பாக்கெட்டுகளும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். ரவுட்டரில் க்யூஓஎஸ் (எந்த டேட்டாவுக்கு எவ்வளவு வழி விடுவது என்று ஒழுங்குபடுத்தும் வசதி) போட்டு அப்லோடை உண்மையான வேகத்துக்குக் கொஞ்சம் கீழே கட்டிவைத்தேன். இப்போது 30-ஐத் தாண்டுவதில்லை. போட்டோ ஏற விடியற்காலை ஆகிறது. வீட்டில் இன்னும் யாரும் கவனிக்கவில்லை.

---

முதலில் எழுதியவன்தான். மேலே படித்துவிட்டு இப்போதுதான் நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். புதுக் கேபிளும் சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. சுவரோரமாக ஒட்டப் போகிறேன்.