புதுப்பிப்பு: தார்ப்பாய் ஐலெட் இப்போது பிடித்துக்கொண்டது

மொட்டை மாடித் தார்ப்பாயில் கயிறு கட்ட நான் அடித்த ஐலெட்டுகள் (ஓட்டையில் பதிக்கும் உலோக வளையங்கள்) ஒரே காற்றில் பிய்த்துக்கொண்டு வந்ததாகப் போன மாதம் புலம்பியிருந்தேன். தப்பு ஓட்டையில்தான். ஐலெட்டின் கழுத்து, அதாவது ஓட்டைக்குள் நுழையும் குழாய்ப் பகுதி, 12 மி.மீ. அகலம்; அதற்கு 12-க்கே ஓட்டை போட்டிருந்தேன். இந்த முறை 11. கழுத்தைத் திருகித்தான் உள்ளே நுழைக்க முடிந்தது. ஓரத்தை மடித்து, நடுவில் பழைய பை நாடாவை வைத்துத் தைத்தேன். தடிமன் கூடியதால் கழுத்து நீளமான ஐலெட் வாங்க வேண்டியதாயிற்று. அப்புறம் அடியில் வாஷர்; முதல் தடவை சோம்பேறித்தனத்தில் அதை விட்டிருந்தேன்.

ஓங்கி ஒரே அடி அடித்தால் கழுத்து கோணலாகப் பிளக்கிறது. நாலைந்து நிதானமான அடிகளில் பூ விரிகிற மாதிரி சமமாகச் சுருள்கிறது. விரலால் திருகினாலும் அசையவில்லை.

நேற்று ராத்திரி நல்ல காற்று மழை. ஒன்றுகூடக் கழலவில்லை. கைவசமிருந்த இரும்பு ஐலெட் இரண்டில் மட்டும் துரு. அவற்றைப் பித்தளையாக மாற்ற வேண்டும்.