உச்ச நீதிமன்றம் "குட்டு" வைத்தது என்று செய்தி வந்தால் எவ்வளவு நம்பலாம்?

தெற்குவாசல்:
காலையில் ஒரு சேனலில் "உச்ச நீதிமன்றம் சரமாரிக் கேள்வி", மதியம் இன்னொன்றில் "கடும் கண்டனம்", சாயங்காலம் பார்த்தால் வழக்கு நாலு வாரம் தள்ளிவைப்பு, அவ்வளவுதான். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களுக்கு ஆளுநர் ஒப்புதல் தராமல் வைத்திருந்த வழக்கில் குழப்பம் இன்னும் மோசம். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசுக்கு வெற்றி என்றார்கள், நவம்பரில் "அந்தத் தீர்ப்பு ரத்து" என்று எங்கள் வாட்ஸப் குரூப்பில் ஓடியது. அப்போ அந்த 10 மசோதாவும் போச்சா?

கோர்ட்_வராண்டா:
ரத்து என்று எங்கேயும் உத்தரவு இல்லை சார். ஏப்ரல் 8-ல் வந்தது தீர்ப்பு. பர்திவாலா, மகாதேவன் அமர்வு முழு நீதி வழங்க எந்த உத்தரவும் போடலாம் என்று உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவைப் பயன்படுத்தி 10 மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றது. நவம்பர் 20-ல் வந்தது, நீதிமன்றத்தின் ஆலோசனையைக் கேட்க வழிசெய்யும் 143-வது பிரிவின்கீழ் குடியரசுத் தலைவர் கேட்ட 14 கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் சொன்ன கருத்து. ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் தந்ததாக நீதிமன்றமே வைத்துக்கொள்ளவும் முடியாது, ஆனால் காரணமே சொல்லாமல் காலவரையின்றிக் கிடப்பில் போட்டால் முடிவெடுக்கச் சொல்லலாம் என்றார்கள். அது மேல்முறையீடு கிடையாது. இனி வரும் வழக்குகளில் அதன் கை ஓங்கும், அது நிஜம். துணைவேந்தர் நியமனச் சட்டங்களுக்கு 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதே, அது தனி வழக்கு. குரூப்பில் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பியிருப்பார்கள்.

மேலமாசி:
"சரமாரிக் கேள்வி" பற்றி. நீதிபதி வாயால் கேட்பது உத்தரவு ஆகாது. 2021 ஏப்ரலில் தேர்தல் ஆணைய அதிகாரிகள் மேல் கொலை வழக்கே போடலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் சொன்னது நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. உத்தரவில் அந்த வரியே இல்லை! ஆணையம் டெல்லிக்குப் போய், அந்தக் கருத்தை நீக்க வேண்டும், வாய்மொழிக் கருத்துகளை ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று கேட்டது. மே 6-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பேச்சு கடுமையானது, ஆனால் பதிவிலேயே இல்லாததை எப்படி நீக்குவது, விசாரணையில் நடப்பதை எழுத ஊடகத்துக்கு உரிமை உண்டு என்றது. ஆக எழுதுவது தப்பில்லை, "கேட்டார்" என்பதைத் தலைப்பில் "உத்தரவிட்டார்" ஆக்குவதுதான் அயோக்கியத்தனம்.

சும்மா_ஒரு_வாசகன்:
இதை முழுசாக ஏற்க மாட்டேன். 2022 செப்டம்பரிலிருந்து அரசியல் சாசன அமர்வு விசாரணைகளை நேரலையிலேயே பார்க்கிறோம், அமர்வு எந்தப் பக்கம் யோசிக்கிறது என்று கேள்விகளிலேயே ஓரளவு தெரிகிறது. சில நேரம் நீதிபதி வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் நின்று வக்கீலைச் சோதிப்பார், அதையும் நிருபர் சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை.

கோர்ட்_வராண்டா:
அதைவிடப் பெரிய கூத்து, மேல்முறையீடு செய்ய உச்ச நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கும் சிறப்பு அனுமதி மனு முதல் நாளே தள்ளுபடி ஆனால் "உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது" என்று போடுவது. காரணம் சொல்லாமல் தள்ளுபடி செய்தால் அப்படி அர்த்தமில்லை என்று 2000-லேயே குஞ்ஞம்மது வழக்கில் தெளிவாக்கிவிட்டார்கள்.

தெற்குவாசல்:
நன்றி. உத்தரவைத் தமிழில் படிக்க வழி உண்டா?

மேலமாசி:
உச்ச நீதிமன்ற இணையதளத்தில் சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு, தினசரி உத்தரவுகள் ஆங்கிலம்தான். பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கம், கடைசிப் பத்தியைப் பார்த்தாலே போதும்.