பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ்: 2027க்கு ஆசைப்படலாமா?

பொருநைக்கரை:
வயது 44. நாற்காலியை விட்டு எழாத கணக்கு வேலை. பிரெவே எனப்படும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணங்களில் 200, 300 கிலோமீட்டர் இரண்டையும் முடித்துவிட்டேன். இப்போது 2027 ஆகஸ்டில் வரும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் மேல் கண். பிரான்ஸில் பாரிஸ் பக்கமிருந்து பிரெஸ்ட் நகர் வரை சைக்கிளில் போய்த் திரும்புவது; நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது. ஏறத்தாழ 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம். தகுதிக்கு 200, 300, 400, 600 நான்கையும் முடித்துக் காட்ட வேண்டும். "உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்கிறார்கள் வீட்டில். கணக்குப் போட்டால் மணிக்குப் பதிமூன்றரை கிலோமீட்டர்கூட வரவில்லை. எங்கள் தெருப் பால்காரர் இதைவிட வேகமாகப் போவார். எதற்குப் பயப்பட வேண்டும்?

நாற்கரச்சாலை:
உங்கள் பால்காரர் இரவு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார் ஐயா. பிரெவேயில் கடிகாரம் யாருக்காகவும் நிற்காது. பஞ்சர் ஒட்டும் நேரம், சாப்பாடு, கன்ட்ரோலில் (வழியிலுள்ள சோதனை இடத்தில்) கார்டுக்கு முத்திரை வாங்க நிற்கும் நேரம், தூக்கம் எல்லாம் அந்த 90க்குள்தான்.

நான் 600ஐப் பாதியில் விட்டவன். காலை 6 மணிக்குப் புறப்பட்டு, மறுநாள் விடியற்காலை 3 மணிக்கு உளுந்தூர்பேட்டையைத் தாண்டிக்கொண்டிருந்தேன். சாலையோர வெள்ளைக்கோடு இரண்டாகப் பிரிந்தது. இரண்டுக்கும் நடுவே போகலாம் என்று மனம் சொல்லியது. அப்போது அது மிகவும் நியாயமாகவும் பட்டது. கண் திறந்தபோது முன்சக்கரம் மண்ணில் இருந்தது. பத்தடி முன்னால் பின்விளக்கு இல்லாமல் ஒரு லாரி நின்றிருந்தது. கால் வலி, குண்டி எரிச்சல் எல்லாம் பெரிதில்லை, தாங்கிக்கொள்ளலாம். தூக்கத்தைத் தாங்கிக்கொள்ள முடியாது. அது கேட்டுக்கொண்டு வருவதில்லை. கைப்பிடியை அழுத்திக்கொண்டே ஓட்டியதில் மோதிர விரலும் சுண்டு விரலும் ஆறு வாரம் மரத்துக் கிடந்தன. சட்டைப் பொத்தான் போடக்கூட வீட்டில் ஆள் தேட வேண்டியிருந்தது. வேண்டாம் என்பதே என் பதில்.

வைகைப்பெண்:
2023இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் முடித்தவள் நான். நாற்கரச்சாலை சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் முடிவு தவறு. தூக்கம் வந்தபின் தூங்க இடம் தேடியதுதான் அவர் செய்த பிழை. 600க்கு 40 மணி நேரம் இருக்கிறது. 20 வேகத்தில் ஓட்டினால் 30 மணி போதும், கையில் 10 மிஞ்சும். நான் 380ஆவது கிலோமீட்டரில் ஒரு லாட்ஜில் முன்கூட்டியே அறை சொல்லிவைத்து மூன்று மணி நேரம் தூங்கினேன்.

பிரான்ஸில் இது நெடுஞ்சாலைப் பயணமே இல்லை. பாரிஸுக்குப் பக்கத்து ஊரான ராம்பூயேவில் புறப்பட்டால் கிராமத்துச் சாலைகள்தான். சமதளமான சாலை என்று ஒன்று கிடையாது. ஏறி இறங்கிக்கொண்டே மொத்தம் 12,000 மீட்டர் அளவுக்கு ஏற்றம். ஆகஸ்டிலும் இரவில் பல் கிட்டும். வழியில் காரே என்ற ஊரில் ஒருவர் தட்டில் முகத்தை வைத்தபடியே தூங்குவதைப் பார்த்தேன்; எழுப்ப மனம் வரவில்லை. நள்ளிரவில் வீட்டு வாசலில் மேசை போட்டு, முகம் தெரியாதவர்களுக்குக் காபி ஊற்றிக்கொண்டு நிற்கிறார்கள். இந்தப் பந்தயத்தின் நினைவாகச் சக்கர வடிவில் பாரிஸ்–பிரெஸ்ட் என்று ஒரு பலகாரமே 1910இல் வந்திருக்கிறது. நான் இரண்டு தின்றேன்.

பழைய ஏடு:
1891இல் முதல் போட்டியை வென்ற சார்ல் டெரோன் 72 மணி நேரத்துக்குள் போய்த் திரும்பினார், அதுவும் தூங்காமல். மனம் இருந்தால் முடியும்.

நாற்கரச்சாலை:
1891இல் லாரி கிடையாது.

வைகைப்பெண் அவர்களே, பிரான்ஸின் காபி மேசையைக் காட்டி ஆசை மூட்டுகிறீர்கள். அங்கே போகும் தகுதியை எங்கே சம்பாதிக்க வேண்டும்? இங்கேதான். எதிர்த்திசையில் விளக்கில்லாமல் வரும் இருசக்கர வண்டிகளுக்கு நடுவே, 400ஐயும் 600ஐயும் இருட்டில் ஓட்டித்தான்.

முப்பந்தல் காற்று:
ஆடியில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் பக்கம் போய்ப் பாருங்கள். காற்றாலைகள் சுற்றும், நீங்கள் நிற்பீர்கள். நான் 20 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். பால்காரர் கணக்கு அங்கே செல்லாது.

வைகைப்பெண்:
அந்த இடத்தில் எனக்குப் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நானும் ஒரு 400ஐ 310இல் விட்டிருக்கிறேன். பெட்ரோல் பங்கின் சிமெண்டுத் தரையில் படுத்தவள் எழுந்தபோது வெயில் சுட்டது, நேரம் போய்விட்டது. அழுதேன். அடுத்த மாதம் வேறொரு 400 ஓட்டினேன். பாதியில் விடத் தெரிந்தவர் ஓட்டலாம். விட்டால் மானம் போகும் என்று நினைப்பவர் ஓட்டக் கூடாது. பொருநைக்கரை, நீங்கள் எந்த ரகம்?

பொருநைக்கரை:
நேர்மையாகச் சொன்னால், தெரியவில்லை. 300இல் கடைசி 40 கிலோமீட்டர் எப்படி வந்தேன் என்பதே நினைவில்லை. அதைப் பெருமையாக அலுவலகத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்ல வாய் வராது. தை மாதம் ஒரு 400 இருக்கிறது, அதற்கு மட்டும் பெயர் கொடுக்கிறேன். இரவு 2 மணிக்கு எங்கே இருந்தாலும் ஒன்றரை மணி நேரம் படுத்துவிடுவேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். 600 பற்றி அப்புறம்.

நாற்கரச்சாலை:
என் கருத்து மாறவில்லை. ஆனாலும் பின்விளக்கு இரண்டாகப் போடுங்கள்; ஒன்று அணைந்தால் ஓட்டுபவருக்குத் தெரியாது. என்னுடையது அலமாரியில் சும்மா கிடக்கிறது. முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள்.